தலையாட்டின ஊர்

சென்னியம்மாள்: நீங்க எழுதிட்டு வந்தீங்களே ஒரு காயிதம்... அதத் திருப்பிக் குடுத்துருங்க சாமி. நாங்க சொன்னது தப்புங்க.

உபகாரசாமி: எந்தக் காயிதம்மா? நீங்க எந்த ஊரு?

சென்னியம்மாள்: வெண்ணந்தூருக்குப் பக்கமுங்க. எம்பேரு சென்னியம்மா. போன வாரம் உங்க ஆபீசரய்யா எங்கூருப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாரில்லீங்க? நீங்க பக்கத்துல குமாஸ்தாவா ஒக்காந்து எழுதுனீங்க. மோரு கூட நாந்தான் குடுத்தேன்.

உபகாரசாமி: ஓ... ரெண்டு சொம்பு குடிச்சேனே! அரைநேரப் பள்ளிக்கூடம் தொடரலாமான்னு கேட்டோம். காலையில மூணு மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் அப்பன் தொழில். கூட்டத்துல நாப்பத்தேழு ஆம்பளைங்க இருந்தாங்க, நாப்பத்தேழு பேரும் சம்மதம்னு தலையாட்டுனாங்க.

சென்னியம்மாள்: தலையத்தானுங்க ஆட்டுனாங்க.

உபகாரசாமி: பின்ன வேற என்னத்த ஆட்டணும்?

சென்னியம்மாள்: ஏனுங்க, ஊருக்கு வந்து மோரு குடிச்ச மனுசன் மொகத்துக்கு நேரா வேண்டாம்னு எப்படீங்க சொல்றது? அம்மை குத்த வந்தவருக்கும் இப்படித்தான் ஆட்டுனாங்க. அவரு ஊசிய எடுக்கறதுக்குள்ள ஊரே சோளக்காட்டுக்குள்ள பூந்திருச்சு.

உபகாரசாமி: அட கர்த்தாவே... அப்ப நாங்க எழுதிக்கிட்டு வந்ததெல்லாம்...

சென்னியம்மாள்: மரியாதைக்கு ஆட்டுனதுங்க.

உபகாரசாமி: நல்ல மரியாதை! ஆனா காலம் கடந்துபோச்சும்மா. ரிப்போர்ட்டு மெட்ராசுக்குப் போயாச்சு.

சென்னியம்மாள்: போனா என்னங்க? திரும்பி வராதா?

உபகாரசாமி: சர்க்காரு என்ன உங்க வீட்டு எருமையா, பின்னாலயே போயிப் புடிச்சிட்டு வர?

சென்னியம்மாள்: எருமைதானுங்க நாஞ் சொன்னாக் கேக்காது. சர்க்காரு கேக்கும். ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்கூட்டு வாசல்ல வந்து ஓட்டுக் கேட்டாங்களே... அடுத்த தடவ வரமாட்டாங்களா?

உபகாரசாமி: வாய் நல்லா இருக்கு. சரி, அரைநேரத்துல உங்களுக்கு அப்படி என்னம்மா நட்டம்?

சென்னியம்மாள்: எம்மவ செல்லிங்க. நாலாப்பு. போன ஆனியில மத்தியானம் மட்டும் வெள்ளாடு மேய்க்கப் போனா. ஆவணியில கடலைக்காட்டுக்கு ஆளில்லேன்னு காத்தாலயும் போனா. தை பொறந்ததுலருந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போகலீங்க. கேட்டா, சர்க்காரே தொழில் கத்துக்கச் சொல்லிருச்சுங்கறாரு எங்கூட்டுக்காரரு.

உபகாரசாமி: வீட்டுக்காரரத் திருத்தறத விட்டுட்டு சர்க்காரத் திருத்த வந்தீங்களாக்கும்!

சென்னியம்மாள்: சர்க்காரு சுலுவுங்க.

உபகாரசாமி: ஹஹ்ஹா...

சென்னியம்மாள்: சிரிக்காதீங்க சாமி. செல்லி சிலேட்ட அடுக்குப்பானை மேல வெச்சிருக்கா. தெனமும் எடுத்துத் தொடைக்கறா, திரும்ப வெச்சுப்போடறா. ஒரெழுத்து எழுதறதில்லே. கணக்குல மொத புள்ளைங்க அது...

உபகாரசாமி: ...கையில என்ன சுருட்டி வச்சிருக்கீங்க?

சென்னியம்மாள்: மனுவுங்க. முழு நாளு பள்ளிக்கூடம் வேணும்னு, வாத்தியாரு எழுதிக் குடுத்தாரு. நூத்திப்பத்து கைநாட்டு. வெளக்குக் கரியும் ஆமணக்கெண்ணையும் கொழச்சு வெச்சோம். எல்லாம் பொம்பளைங்க. எங்களத்தான் யாரும் கேக்கலீங்களே, நாங்களே சொல்லிப்போட்டோம்.

உபகாரசாமி: எல்லாம் பொம்பளைங்களா? முதல் ரேகை என்ன இவ்வளவு தடியா இருக்கு?

சென்னியம்மாள்: அது... எங்கூட்டுக்காரருதுங்க.

உபகாரசாமி: ஒத்துக்கிட்டாரா?

சென்னியம்மாள்: மத்தியானம் களத்துல அசந்து தூங்குனாரு...

உபகாரசாமி: அடப்பாவமே! தூங்கறவரு கருத்தச் சர்க்காரு ஏத்துக்காதும்மா.

சென்னியம்மாள்: தலையாட்டுனத ஏத்துக்கிட்டீங்களே!

உபகாரசாமி: ...அத நான் அடிச்சிடறேன். நூத்தி ஒம்பது. ஆனா ஒண்ணு சொல்றேன், மெட்ராசுல இந்த மாதிரி ஆயிரம் மனு குவிஞ்சு கெடக்கும்.

சென்னியம்மாள்: நல்லதாப் போச்சுங்க. எங்களுது தனியாக் கெடக்காது.

உபகாரசாமி: உங்க ஊரு சம்மதம்னு ரிப்போர்ட்டு முன்னாடியே போயிருக்கேம்மா. எத நம்புவாங்க?

சென்னியம்மாள்: அப்ப நானே நேராப் போறேன். ரயிலு எத்தன மணிக்குங்க? கட்டுச்சோறு இருக்குது. ராத்திரி பூராத் தூங்கலீங்க நான், ஆபீசுக்காரரு மொகத்துக்கு நேரா எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு. இப்ப உங்ககிட்டச் சொல்லியாச்சு. இனி எவருகிட்ட வேணாலும் சொல்லுவேன்.

உபகாரசாமி: உக்காருங்கம்மா. ரயிலெல்லாம் வேண்டாம். போயாச்சுன்னு சொன்னது நீங்க உறுதியா நிக்கறீங்களான்னு பாக்கத்தான். ரிப்போர்ட்டு எங்கயும் போகல... இந்த டிராயர்லதான் கெடக்குது. ஆபீசரு தெனம் கேக்கறாரு, டைப்படிக்க ரிப்பன் வரலேன்னு பொய் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்கப்பா தோல் பதனிட்டவரு. எங்கம்மா என்னைய முழு நாளும் பள்ளிக்கூடத்துக்குத் தொரத்துனதாலதான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். அன்னிக்குக் கூட்டத்துக்குப் பின்னால நின்ன பொம்பளைங்க மொகத்தப் பாத்தேன், மனசு கேக்கல. நானா மாத்தி எழுதியிருந்தா அது ஒரு குமாஸ்தா சொன்னதாப் போயிரும். ஊர்லருந்து ஒருத்தராவது வந்து வேண்டாம்னு சொல்லட்டும்னு எட்டு நாளா வாசலப் பாத்துக்கிட்டிருக்கேன். குடுங்க அந்த மனுவ, சாயங்காலத் தபால்ல இதுதான் மேல போகும்.