மூடியிருந்த வால்வு

— உட்காருங்க ஐயா. நின்னுக்கிட்டே பேசினா கேன்டீன்ல எல்லாரும் நம்மளைத்தான் பார்ப்பாங்க லா.

— உட்கார வரலை மிஸ்டர் பாலகிருஷ்ணன். கிளமெண்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி ஜூரோங்குக்கு வந்தது இந்தக் கடிதத்தைக் கொடுக்கத்தான். என் மகன் ஜார்ஜ் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறான். நீங்க அவனை வேலையை விட்டு அனுப்புறதுக்கு முன்னாடி அவனே விலகிக்கிறான்.

— அவனே விலகிக்கிறானா? பூவம்மாக்கா, பாலில்லாம ரெண்டு டீ, தே ஓ போடுங்க. ஒண்ணு சீனி கம்மியா. ஐயாவுக்குச் சீனி?

— எனக்கு எதுவும் வேண்டாம். படிங்க.

— இங்கிலீஷ் பிரமாதமா இருக்கே. 'குடும்பத்தின் நற்பெயரை முன்னிட்டு'... நம்ம கப்பல் யார்டுல இப்படி யாரும் எழுதினதே இல்லை. ஆனா ஐயா, கையெழுத்து ஜார்ஜோடது இல்லையே.

— நான் போட்டேன். அவனுக்குப் பதிலா.

— அவனுக்குத் தெரியுமா?

— தெரிய வேண்டியதில்லை. ஞானப்பிரகாசம் மகன் அலெக்சாண்டர் நான். எங்க அப்பாவும் கப்பல் பட்டறை, நானும் கப்பல் பட்டறை. முப்பத்திரண்டு வருஷம் வேலை, அதுல பதினெட்டு வருஷம் ஃபோர்மேன். எங்க வீட்டு ஆம்பளை எவனும் நாலு பேருக்கு முன்னாடி நின்னு 'என் தப்பு'ன்னு சொன்னதில்லை.

— ஜார்ஜும் அப்படிச் சொல்லலையே. யார் உங்களுக்குச் சொன்னது?

— ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கிறேன். ஜேசுதாசன் வந்தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். பல்லைக் காட்டிக்கிட்டுக் கேக்கிறான், 'என்னண்ணே, உங்க மகனால யார்டே அரை நாள் நின்னுபோச்சாமே'ன்னு. சுத்தி அத்தனை பேர். எனக்குத் தலை நிமிரலை தம்பி. அன்னைக்கு ராத்திரியே டைப்ரைட்டரை எடுத்துட்டேன்.

— நின்னது யார்டு இல்லை. கப்பல்ல ஒரே ஒரு டேங்க். நாலு மணி நேரம். என்ன நடந்துச்சுன்னு ஜார்ஜை நீங்க கேக்கலையா?

— அவனும் நானும் அதிகம் பேசிக்கிறதில்லை.

— சரி, நான் சொல்றேன். காலையில ஏழரைக்கு, டேங்குக்குள்ள இறங்குறதுக்கு முன்னாடி, நாங்க பதினேழு பேரும் ஷெட்டுல வட்டமா நிப்போம். பத்து நிமிஷம். முதல்ல நான் பேசணும். நேத்து நான் எதுல தப்புப் பண்ணேன், எது எனக்குத் தெரியலை, ஏதாவது ஒண்ணு. அப்புறம் யாருக்கு மனசுல எது உறுத்துதோ அவங்க சொல்லலாம். யாரும் பதில் சொல்லக்கூடாது, சிரிக்கக்கூடாது. எல்லாரும் சேர்ந்து 'தெரிமா காசி' சொல்லணும். அவ்வளவுதான்.

— நன்றியா? தப்புப் பண்ணவனுக்கு, மலாய்ல நன்றி?

— சீனர், மலாய்க்காரர், நம்ம ஆளு, ரெண்டு தாய்லாந்து வெல்டர். எல்லாருக்கும் வாயில நுழையுற வார்த்தை அது ஒண்ணுதான்.

— ஃபோர்மேன் தன் வாயாலேயே தன் தப்பைச் சொன்னா எவன் மதிப்பான்?

— முதல் ரெண்டு மாசம் ஒருத்தனும் வாயைத் திறக்கலை ஐயா. நான் மட்டும் பைத்தியக்காரன் மாதிரி தினம் ஒரு தப்புச் சொல்லிக்கிட்டு நின்னேன். 'இன்னைக்கு எதைச் சொல்லப்போறீங்க'ன்னு என் வீட்டுக்காரி ரஷீதா கேலி பண்ணுவா. அவளே லிஸ்ட் போட்டுத் தர்றேன்னா. விட்டிருந்தா ரெண்டு வருஷத்துக்கு ஓடியிருக்கும்.

— அப்புறம்?

— ஒருநாள் ஆ செங் பேசினான். ஐம்பத்திரண்டு வயசு. டேங்க்ல கேஸ் இருக்கான்னு மீட்டர் வச்சுப் பார்க்கிறவன் அவன்தான். 'எனக்கு மீட்டர் முள்ளு சரியாத் தெரியலை. குத்துமதிப்பாச் சொல்லிக்கிட்டிருக்கேன்'னு சொன்னான்.

— எவ்வளவு நாளா?

— மூணு வருஷமா.

— ஆண்டவரே. அவன் சரின்னு சொன்னதை நம்பித்தானே மத்தவன் உள்ளே இறங்குவான்.

— ஆமா. மூணு வருஷமா அப்படித்தான் இறங்கினோம். நானும் இறங்கியிருக்கேன். கண்ணு போச்சுன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம் அவனுக்கு.

— அனுப்பலையா?

— கண்ணாடி வாங்கிக் கொடுத்தோம். அந்தா, மூலையில மீ கோரெங் தின்னுக்கிட்டிருக்கான் பாருங்க, கறுப்பு ஃபிரேம். அவன் சொன்னதுக்கு அடுத்த நாள் நாலு பேர் பேசினாங்க. அதுக்கடுத்த நாள் ஏழு பேர். நான் பார்த்து மிரண்டுட்டேன் ஐயா. இத்தனையையும் மனசுல வச்சுக்கிட்டா தினமும் இறங்கினாங்கன்னு.

— ஜார்ஜ் என்ன சொன்னான்?

— போன செவ்வாய்க்கிழமை. 'நேத்து சாயங்காலம் நாலாம் டேங்க்ல வெல்டிங் கேஸ் குழாயை உள்ளேயே போட்டுட்டு வந்தேன். வால்வை மூடினேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்லை'ன்னான். நான் ஒருத்தரையும் கிட்ட விடலை. டேங்க் மூடியைத் திறந்து, காத்தடிச்சு, ஆ செங் மூணு தடவை மீட்டர் பார்த்து, அப்புறம்தான் உள்ளே போனோம். அதுதான் நாலு மணி நேரம்.

— வால்வு?

— மூடித்தான் இருந்துச்சு.

— மூடியிருந்துச்சா?

— கையால திருகிப் பார்த்தேன். நல்லா இறுக்கி மூடியிருந்தான்.

— அப்போ ஒண்ணுமில்லாததுக்கு நாலு மணி நேரம். மேல ஆபீஸ்ல சும்மாவா விட்டாங்க?

— சும்மா விடுவாங்களா? எனக்குத்தான் செம திட்டு. பேர் கேட்டாங்க. என் பேரைச் சொன்னேன்.

— அவனை என்ன பண்ணீங்க?

— மறுநாள் காலையில வட்டத்துல அவனுக்கு இன்னொரு தடவை நன்றி சொன்னோம். மத்த பதினாறு பேரும். ஷெட்டுத் தகரம் அதிர்ந்துச்சு.

— வால்வு மூடியிருந்தும்?

— மூடியிருந்ததாலதான் ஐயா. மூடின வால்வுக்கு இவனை ஏசினா, நாளைக்குத் திறந்த வால்வை வச்சுக்கிட்டு நிக்கிறவன் வாயைத் திறப்பானா?

— திறக்க மாட்டான்.

— டீ ஆறுது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். எடுத்துக்குங்க.

— இதை உங்களுக்கு யார் கத்துக் கொடுத்தா தம்பி? கம்பெனி வகுப்பா?

— வகுப்புல ஏதோ சார்ட் எல்லாம் போட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. பழைய யார்டுல என் கண்ணு முன்னாடி ஒருத்தர் செத்தார். முந்தின நாள் அவருக்கு ஏதோ சந்தேகம் இருந்துச்சுன்னு பிணம் எடுக்கும்போதுதான் தெரிஞ்சுது. அன்னையிலிருந்து யோசிச்சேன்.

— பதினெட்டு வருஷம் ஃபோர்மேன் நான். ஒருத்தன்கூட என்கிட்ட வந்து 'எனக்குத் தெரியலை'ன்னு சொன்னதில்லை. அதை வெளியில பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். அலெக்சாண்டர் கேங்க்னா ஒரு குறை இருக்காதுன்னு வெள்ளைக்காரன்கிட்ட பேர் வாங்கியிருக்கேன். நீங்க என்னடான்னா பதினேழு பேரை நிக்கவச்சு அதையே கேட்டு வாங்குறீங்க.

— முப்பது பேர் இருந்திருப்பாங்களே உங்க கேங்க்ல. ஒருத்தருக்குக்கூடவா சந்தேகம் வந்ததில்லை?

— வந்துச்சு. ஒருத்தனுக்கு.

— யாரு?

— என் தம்பி. பெர்னார்ட்.

— உங்ககிட்ட வேலை பார்த்தாரா?

— நான்தான் சேர்த்துவிட்டேன். கயிறு கட்டுற வேலை. கப்பல் பக்கவாட்டுல ஆள் நின்னு பெயின்ட் அடிக்கப் பலகை தொங்கவிடுவாங்களே, அதுக்கு அவன்தான் கட்டுவான். ஐம்பத்தொன்பதுல, ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து என்னைத் தனியாக் கூப்பிட்டான். 'அண்ணே, இன்னைக்கு நான் கட்டினது எனக்குச் சரியாப் படலை. காலையில எல்லாரையும் நிறுத்திட்டு அவிழ்த்துக் கட்டணும்'னான்.

— ஐயா, கொஞ்சம் இருங்க. டீ பிரேக் விட்டாச்சு. உங்களுக்குப் பின்னால ஜார்ஜ் வந்து நிக்கிறான். இதை அப்புறம் பேசிக்கலாம்.

— நிக்கட்டும்.

— அப்பா? இங்க என்ன பண்றீங்க? அது என்ன பேப்பர்?

— அதுவா? நான் பண்ண ஒரு தப்பு. கிழிச்சுடலாம். நீ போகாதே, நில்லு. நான் சொல்லி முடிக்கிறேன். நடுவுல நிறுத்தினா இனிமே வாயில வராது.

— சொல்லுங்கப்பா.

— அவன்கிட்ட நான் சொன்னேன், 'டேய், அலெக்சாண்டர் தம்பி கட்டின கயித்துல குறைன்னு ஊருக்கே தமுக்கடிக்கப் போறியா? பேசாம வீட்டுக்குப் போ'ன்னு. போயிட்டான். காலையில அந்தப் பலகையில வேற யாரையும் ஏறவிடலை. 'முதல்ல நான் ஏறிப் பார்க்கிறேன்'னு அவனே ஏறினான்.

— போதும் ஐயா.

— போதாது தம்பி. கயிறு அவிழ்ந்துதான் விழுந்து செத்தான். கால் வழுக்கி விழுந்தான்னு எழுதினாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். அவன் பொண்டாட்டி அந்தோனியம்மாள் அப்போ ஏழு மாசம். அவகிட்டயும் கால் வழுக்கினதாத்தான் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அந்த வீட்டுல யாருக்கும் தெரியாது.

— உட்காருங்கப்பா.

— உனக்கு என்னை ஏசணும்னா ஏசிடு ஜார்ஜ். இவர் முன்னாடியே ஏசு.

— எனக்குத் தெரியும்ப்பா.

— என்ன தெரியும்?

— சித்தப்பா உங்ககிட்ட சொன்னது. நீங்க பதிலுக்குச் சொன்னது. நான் யார்டுல சேர்ந்த அன்னைக்கு அந்தோனியம்மாள் சித்தி என்னைக் கூப்பிட்டு உட்காரவச்சு எல்லாத்தையும் சொன்னாங்க. 'சந்தேகம்னு ஒண்ணு வந்தா அதை வாயில வச்சுக்கிட்டு மட்டும் மேல ஏறாதே ராசா'ன்னு.

— அவளுக்கு எப்படிடா தெரியும்?

— அன்னைக்கு ராத்திரியே சித்தப்பா அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க.

— அப்போ இருபத்திமூணு வருஷமா... எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா என் வீட்டுக்கு வந்து போனா? ஒரு நாள்கூட என்னைக் கேக்கலையேடா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

— கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லிடுவீங்கன்னு அவங்களுக்குப் பயம்ப்பா. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு ஞாயிறும் வந்து உங்க எதிர்ல உட்கார்ந்துட்டுப் போறாங்க.