பாயிஸ் காணாமல் போக வேண்டிய நிமிடம்

படம் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கம் சொல்வது என் பழக்கம். என் மனைவி மரியமலர் இப்போதெல்லாம் கதிரையை இழுத்துக்கொண்டு குசினி வாசலில் போய் இருந்துதான் பார்க்கிறாள். மற்றபடி அஞ்சலோ என்ற என் பெயரில் பொலிஸில் இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை, ஐயா.

துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிறவன் நான். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் மனம் ஆறும். சாகசப் படங்களையும் அப்படித்தான் கழற்றினேன். உள்ளே பாகங்கள் கொஞ்சம்தான். தயங்குகிற நாயகன், வழி தெரிந்தவன், சிரிப்பூட்டுகிற கூட்டாளி. புதையல் எதுவாகவும் இருக்கலாம், அது முக்கியமில்லை. முதற்பாதி முழுக்க நாயகன் அசைய மாட்டான். எழுபதாவது நிமிடமளவில் கூட்டாளி காணாமல் போவான். உடனே நாயகனின் பயம் போய்விடும், பிளக்கில் பொறி விழுந்ததும் எஞ்சின் பிடிப்பது மாதிரி. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு பல படங்களில் இதைச் சரிபார்த்திருக்கிறேன்.

எங்கள் மூவரையும் பாருங்கள். இராகுலனுக்குச் சீனன்குடாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அகன்ற தோள், நல்ல முகவெட்டு. சோபனாவிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆறு வருடமாக நாள் பார்க்கிறான். வழி தெரிந்தவன் நான். குறிஞ்சாக்கேணி பாயிஸ் சிரிப்பூட்டுகிறவன். ஒருநாள் பட்டறையில் வைத்து இதை இருவருக்கும் விளக்கினேன்.

"அப்ப எனக்கு என்னடா நடக்கும், மச்சான்?" என்றான் பாயிஸ்.

"நீ இடையில காணாமப் போவாய்."

"போறதுக்கு முந்திச் சாப்பாடாவது தருவானுகளா?"

எல்லோரும் சிரித்தோம். சோபனாவிடம் எப்போது சொல்வாய் என்று பிறகு இராகுலனைக் கேட்டேன். "பாப்பம், அவசரமில்லத்தானே" என்றான். அன்றுதான் முடிவெடுத்தேன்.

பாயிஸ் வெள்ளிக்கிழமை விடிந்ததும் தன் படகில் தனியாக இலங்கைத்துறைப் பக்கம் தூண்டில் போடப் போவான். கைபேசி இரண்டு தடவை தண்ணீரில் விழுந்ததால் கொண்டுபோவதில்லை. வியாழக்கிழமை அவன் எஞ்சின் என் கையில் இருந்தது. எண்ணெய்க் குழாயின் கிளிப்பை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். முழுதாகத் தளர்த்தினால் கரையிலேயே நின்றுவிடும். ஒன்றரை என்றால் அதிர்ந்து அதிர்ந்து, ஒரு மணி பத்து நிமிடத்தில் காற்றை இழுத்து நிற்கும். அந்த இடத்தில் நங்கூரம் எட்டாத ஆழம். இது கச்சான் காற்று வீசுகிற காலம், அது படகைக் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும். படகில் நிறைத்து வைத்திருந்த தண்ணீர்க் கானையும் வெறுமையாக்கினேன். தண்ணீர் இருந்தால் அவசரம் இருக்காது.

பின்னேரம் நாலு மணிக்கு இராகுலனிடம் சொல்ல வேண்டும். அவன் என் படகில் பாய்ந்து ஏற வேண்டும். நான் வழி காட்டுவேன். இவ்வளவுதான் திட்டம்.

நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன் என்பதால் ஒரு பிழை விட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாயிஸ் பிந்தியதே இல்லையாம். அவன் இடம் வெறுமையாக இருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். நாற்பது படகுகள் வெளிக்கிட்டன. எந்தப் படத்திலும் நாயகனுக்கு முன்னால் நாற்பது படகுகள் போவதில்லை.

வழக்கமான இடத்தில் படகு இல்லை; வேறு எந்தப் பக்கம் தேடுவதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. பாயிஸின் மனைவி சுஹைரா இரண்டு பிள்ளைகளோடு என் பட்டறைக்கு வந்தார். எனக்கு வியப்பாக இருந்தது. கூட்டாளியின் வீட்டை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை. அவனுக்கு வீடு இருப்பது எனக்கும் நினைவில் இருக்கவில்லை.

"அண்ணன், அவரு எந்தப் பக்கம் போயிருப்பாரு?"

நல்ல கேள்வி கேட்டால் என்னால் சும்மா இருக்க ஏலாது. சோக்கட்டியால் நிலத்தில் கரையை வரைந்தேன். "ஆறு மணிக்கு வெளிக்கிட்டா ஏழு பத்துக்கு இதில எஞ்சின் நிக்கும். பிறகு கச்சான் இப்பிடித் தள்ளும். இப்ப ஆள் இதிலதான்." புள்ளடி போட்டுக் காட்டினேன்.

அவர் புள்ளடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எஞ்சின் நிண்டதெண்டு உங்களுக்கு ஆரு அண்ணன் சொன்ன?"

அதுவும் நல்ல கேள்விதான். ஆனால் நான் விளக்கத் தொடங்குவதற்குள் அவர் தொலைபேசியில் அந்த இடத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நாலரை மணிக்கு, நான் குறித்த இடத்திலிருந்து அரைமைல் தள்ளி அவனைக் கண்டார்கள். உதடு வெடித்து, நாக்கு வீங்கியிருந்ததாம். தண்ணீர் குடித்ததும் அவன் முதலில் கேட்டது, "சாப்பாடு எங்கடா?" என்னோடு இன்னும் கதைக்கவில்லை. இராகுலனும் ஒரு படகில் போயிருக்கிறான்; போக வர வாந்தி எடுத்தானாம். சோபனாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கிளிப்பைத் தளர்த்தியது நான். கானை வெறுமையாக்கியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். நேற்று ஒன்று கேட்டீர்கள், இந்தப் படங்களில் வில்லன் என்று ஒருவன் இருப்பானே என்று. அதை நன்றாக யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குள் அப்படி ஒருவனும் இருக்கவில்லை, ஐயா. அந்த ஒரு பாகம் குறைந்ததால்தான் கதை சரியாக ஓடவில்லை.