நாய் திரும்பின மேடு

மழை ரெண்டு வருசம் பொய்த்துப்போன ஒரு பஞ்ச காலத்துல, கரிசக்காட்டுல உப்போடைப்பட்டின்னு ஒரு ஊர். நம்ம ஊர்தான். அப்ப இருபது வீடு. அதுல சின்னாண்டின்னு ஒருத்தன் இருந்தானாம். நமக்கெல்லாம் பூட்டன். அவன் நல்லவன்னு சொல்ல நான் வரல. நடந்ததைச் சொல்றேன். குறுக்க பேசாமக் கேளுங்க.

சின்னாண்டிக்கு அப்பன் ஆத்தா இல்ல. ஒரே தங்கச்சி, பூவாத்தா. ஏழு வயசுல காய்ச்சல் வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. கையை ஊனித்தான் நகருவா. நகந்து நகந்தே கம்பு புடைப்பா, கஞ்சி காய்ச்சுவா. வாய் மட்டும் சும்மா இருக்காது. "அண்ணே, எனக்குக் காலு மட்டும் இருந்துச்சுன்னா, உன்னைய மாதிரி பத்து பேரை மேய்ப்பேன்"ம்பா.

அவங்கிட்ட ஒரு நாய். கரடின்னு பேரு. கருப்பு. கடிநாய். பூனையைக் கண்டா விடாது. ஊர்ல பாதிப் பூனை அது வாயில போனதுதான். அப்பேர்ப்பட்ட நாய் ஒருநாள் ஒரு பூனைக்குட்டியைக் கவ்விக்கிட்டு வந்துச்சாம். வண்டிச் சக்கரம் ஏறி இடுப்பு நொறுங்கின குட்டி. பின்காலு ரெண்டும் கந்தத்துணி மாதிரி பின்னால இழுபட்டுச்சு. கொல்லப் போகுதுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாக. கொல்லல. பூவாத்தா மடியில போட்டுட்டு எதுத்தாப்புல படுத்துக்கிருச்சு.

ஏன்னு கேக்காதீக. எனக்குத் தெரியாது. சின்னாண்டிக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் அது ரெண்டும் ஒண்ணாத்தான் திரிஞ்சதுக. காட்டுல எலி வளையைக் கண்டா கரடி தோண்டும். பூனை வளையோட இன்னொரு வாசல்ல படுத்துக் கிடக்கும். எலி தலையை நீட்டும். முன்னங்காலால ஒரே அமுக்கு. ஒண்ணு இதுக்கு, ஒண்ணு அதுக்கு. வேலை முடிஞ்சதும் கரடி பூனையைப் பிடரியில கவ்வித் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துரும்.

ஊர்ல சிரிப்பாச் சிரிச்சாக. "ஏ சின்னாண்டி, உன் நாயி நொண்டிப் பொண்டாட்டி கட்டிக்கிருச்சே, பரிசம் போட்டியா?"

உள்ளேருந்து பூவாத்தா கத்துவா: "எங்க மதினியை ஆரும் ஒண்ணும் சொல்லப்படாது!"

அப்பிடிச் சிரிச்ச ஊர்தான். ரெண்டாம் வருசமும் வானம் பாத்துக் கிடந்துச்சு. மாடு செத்துச்சு. புளியங்கொட்டையை வறுத்துத் தின்னாக. கத்தாழைக் கிழங்கைத் தோண்டித் தின்னாக. அதுவும் தீந்துபோச்சு. அப்ப ஊர்ப் பெரிய மனுசன் பரமன்னு ஒருத்தன். அவன் எல்லாரையும் கூட்டிச் சொன்னானாம்: "கிழக்க ரெண்டு நாள் நடையில கஞ்சித்தொட்டி போட்டிருக்காகளாம். நடக்க முடிஞ்சவுக நடங்க."

சின்னாண்டி கேட்டான்: "முடியாதவுக பெரியய்யா?"

"நீயே நாலு எட்டு வச்சா ரெண்டு தடவை உக்காருற. அவளைத் தூக்கினா ரெண்டு பொணம். விட்டா ஒண்ணு. உன் இஷ்டம்."

மறுநா விடிஞ்சதும் சின்னாண்டி ஒரு பானை தண்ணியும் ரெண்டு கை புளியங்கொட்டையும் பூவாத்தா பக்கத்துல வச்சான்.

"நாலு நாள்ல கஞ்சியோட வந்துருவேன் தாயி."

"நாலு நாள் கஞ்சி புளிச்சுப் போகுமே அண்ணே."

அவன் எந்திரிச்சான். 

"பூனையை விட்டுட்டுப் போ. பேச்சுத்துணைக்கு ஆகும்."

விட்டுட்டு வெளிய வந்தான். வாசப்படலைச் சாத்தி வெளிய கயிறு போட்டுக் கட்டினான். நரி வந்துரும்னு கட்டினேன்னு பின்னால சொன்னானாம். இருக்கலாம். "அண்ணே, கட்டாத"ன்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு. "அண்ணே, கட்டாத"ன்னு ரெண்டாந்தடவையும் வந்துச்சு. கட்டிட்டுப் போயிட்டான்.

கரடி அவன் பின்னாலயே போச்சு. எசமான் போனா நாய் போகும். ஊரைத் தாண்டி அந்த மேடு இருக்குல்ல, அது வரைக்கும் போச்சு. மேட்டுல ஏறினதும் நின்னுருச்சு. ஆளுக காலுக்கு நடுவுல புகுந்து புகுந்து மோந்து பாத்துச்சு. ஒவ்வொரு மூட்டையா மோந்துச்சு. பூனை இல்ல. ஊரைப் பாத்துச்சு.

"கரடி, வா"ன்னான். வரல. "வாடா"ன்னு ஒரு கல்லை எடுத்து எறிஞ்சான். விலாவுல பட்டுச்சு. ஒரு சத்தம் போட்டுட்டுத் திரும்பி ஊரைப் பாக்க ஓடிருச்சு.

பரமன் சொன்னானாம்: "விடு. பஞ்சத்துல பொண்டாட்டி கேக்குது."

ஒருத்தரும் சிரிக்கல. சின்னாண்டி நடந்தான்.

ரெண்டு நாள் நடை. வழியில ஆறு பேரு விழுந்தாக. புதைக்கவும் தெம்பில்ல. கஞ்சித்தொட்டியில வரிசை. கஞ்சி ஊத்துறவன் ஒவ்வொருத்தனையும் கேப்பானாம், வீட்டுல எத்தனை பேருன்னு.

"ரெண்டு."

"இன்னொரு ஆளு எங்க?"

"பின்னால வருது சாமி."

பின்னால வருதுன்னு சொல்லிட்டான். ரெண்டு ஆள் கஞ்சி ஊத்தினான். அதைத் தங்கச்சிக்கு எடுத்து வைக்கணும்னுதான் நெனச்சானாம். வயிறு கேக்கல. ரெண்டையும் குடிச்சுட்டான். மறுநாளும் ஊத்துறவன் கேட்டான். மறுநாளும் இவன் பின்னால வருதுன்னான். மறுநாளும் ரெண்டையும் குடிச்சான். மூணாம் நாள் கஞ்சி ஊத்துறவன் அகப்பையைப் பிடிச்சுக்கிட்டே கேட்டானாம்:

"ஏப்பா, மூணு நாளா பின்னால வருது பின்னால வருதுங்கிற. எப்பத்தான்யா வரும்?"

கெட்ட எண்ணத்துல கேக்கல. சும்மாத்தான் கேட்டான். சின்னாண்டி கையிலருந்த சட்டி விழுந்து உடைஞ்சுபோச்சு. அங்கனயே திரும்பினான். பரமன் கூப்பிட்டான். நிக்கல. தங்கச்சி பங்கையும் குடிச்ச தெம்புலதான் நடந்தான். அதையும் அவனே வாய்விட்டுச் சொல்லியிருக்கான். அந்த மட்டுக்கும் பரவாயில்ல.

ஊருக்குள்ள வந்தா ஒரு சத்தம் இல்ல. படலு கட்டினபடி கட்டியிருக்கு. முடிச்சுக்கூட அவிழல. ஆனா மண்சுவத்துக்கு அடியில ஒரு பொந்து. வெளியேருந்து தோண்டின மண்ணு குவிஞ்சு கிடக்கு. உள்ள எட்டிப் பாத்தான். பானை காலி. ஆளு இல்ல.

பொந்துலருந்து காட்டைப் பாக்க மண்ணுல ரெண்டு தாரை போயிருக்கு. ஒண்ணு அகலம், ஒண்ணு ஒல்லி. ரெண்டும் இழுத்துக்கிட்டுப் போன தாரை.

நடந்தது இதுதான். இது பூவாத்தா பொம்பளைககிட்ட சொன்னது. நாய் வந்தது பூனைக்காக. அவளுக்காக இல்ல. அதை அவளே சொல்லுவாளாம். பூனை உள்ள கத்துச்சு, நாய் வெளியேருந்து தோண்டுச்சு. பூனை முன்னங்காலை ஊனி வெளிய போச்சு. அந்தப் பூனை போறதைப் பாத்துத்தான் இவளும் தலையை விட்டா. தோளு உரிஞ்சுபோச்சு. போயிட்டா. அதுக ரெண்டும் போன பக்கமே போனா. நாய் வளையைத் தோண்டுச்சு. நாய்க்கு எலி, பூனைக்கு எலி. எலி சேத்து வச்ச பழைய கம்மங்கதிரு இருக்கும்ல வளைக்குள்ள? அது ரெண்டுக்கும் வேண்டாம். அதை இவ அள்ளினா. கல்லுல தேய்ச்சு ஊதித் தின்னா. ஓடையில ஒரு ஊத்து, கசப்புத் தண்ணி, அதைக் குடிச்சா. அப்பிடி ஆறு நாள்.

சின்னாண்டி தாரையைப் பிடிச்சுக்கிட்டே ஓடினான். பூவாத்தா உக்காந்திருந்தா. கையில ஒரு குச்சி. காக்காயை வெரட்டிக்கிட்டு இருந்தா. பக்கத்துல கரடி நீட்டிக் கிடக்கு. மூஞ்சி வீங்கிப்போய். முந்தினநாள் தோண்டின வளையில பாம்பு இருந்திருக்கு. பூனை கரடியோட கழுத்து மேல தலையை வச்சுக் கிடக்கு. எடுத்தா சீறுது.

"தாயி"ன்னான்.

அவ நிமிந்து பாத்தா. அழுவல. திட்டல. ஒண்ணே ஒண்ணு சொன்னாளாம்:

"நாயி மொத நாளே வந்துருச்சு."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

சின்னாண்டி நாயைத் தூக்கிட்டுப் போய், கல்லெறிஞ்ச அந்த மேட்டுலயே குழி தோண்டிப் புதைச்சான். பூனை அந்த மண்ணு மேலயே கிடந்துச்சு. எலி பிடிச்சுப் போட்டான். தொடல. மூணாம் நாள் அதுவும் போச்சு. அதே குழியைத் திரும்பத் தோண்டினான். மேல ஒரு கல்லு நட்டான். இப்ப அங்க நிக்குதே, சாஞ்சாப்புல, அந்தக் கல்லுதான்.

தங்கச்சியை முதுகுல சுமந்துக்கிட்டு கஞ்சித்தொட்டிக்குப் போனான். பொழைச்சாக. மழை பேஞ்சு மிச்சமிருந்தவுக எல்லாரும் திரும்பி வந்தாக. கல்யாணம் கட்டினான். புள்ளைகுட்டி பெத்தான். தங்கச்சியைக் கடைசி வரைக்கும் வச்சுக் கஞ்சி ஊத்தினான். அவ வாங்கிக் குடிப்பா. முகத்தைப் பாக்க மாட்டா.

அவன்தான் அந்தப் பழக்கத்தை ஆரம்பிச்சது. கோயிலுக்கோ, கதிரறுப்புக்கோ, ஊர் கூட்டமாக் கிளம்பினா மேட்டுல எல்லாரையும் நிறுத்திருவான். இவன் மட்டும் திரும்பி ஊருக்குள்ள போவான். நடுத்தெருவுல நின்னு, "ஆரும் இருக்கீகளா?"ன்னு கூப்பிடுவான். வீட்டுல இருக்கிற கிழடு கட்டையெல்லாம், "இருக்கோம், போயிட்டு வா"ம்பாக. அதைக் கேட்டுட்டு வந்துதான் கிளம்புவான். பூவாத்தா மட்டும் வாயே தொறக்க மாட்டா. பக்கத்து வீட்டுக்காரிதான், "இருக்கா, இருக்கா, நீ போ"ன்னு சொல்லி அனுப்புவா. முப்பது வருசம் இப்பிடியே.

அப்புறம் ஒருநாள் சின்னாண்டி செத்தான். பாடையைத் தூக்கிக்கிட்டு அதே மேட்டுக்கு வந்தாக. சுமந்தவுக தன்னால நின்னுட்டாகளாம். என்ன செய்யிறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. கடைசியா வந்தவன் திரும்பி ஊருக்குள்ள போனான். தெருவுல நின்னு கூப்பிட்டான்.

"ஆரும் இருக்கீகளா?"

எப்பவும் போல பக்கத்து வீட்டுக்காரி வாயெடுத்தா. பூவாத்தா கையைக் காட்டி நிறுத்தினாளாம். வாசல் வரைக்கும் நகந்து வந்தா. 

"நான் இருக்கேன். அண்ணனைப் போகச் சொல்லு."

அதைப் போய்ச் சொன்னதுக்கப்புறந்தான் பாடை நகந்துச்சு.

இன்னைக்கும் கல்யாண வேன் அங்கன நிக்கும். ஒருத்தன் இறங்கிப் போய்க் கூப்பிட்டுட்டு வருவான். நம்ம ஊர்ல பாடையும் நிக்கும். வீட்டுலருந்து ஒரு குரல் வரணும். வந்தாத்தான் தூக்குவோம்.