மஞ்சள் மீனும் வீடியோ காலும்

திருபுவனை கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். சின்னவள் எடுத்த எடுப்பில் சொன்னாள்:

“பன்னெண்டு நாளா ஒண்ணுமே துன்னலக்கா, அந்த மஞ்ச மீனு.”

“இன்னா நோவு அதுக்கு?”

“நோவு இல்லக்கா. ஆப்பிரிக்கா மீனு. முட்டைய வாயிலயே வச்சி பொரிக்குமாம். குஞ்ச வெளிய வுடுற வரைக்கும் பட்டினிதானாம். எங்க வூட்டுக்காரரு துபாய்லேந்து சொன்னாரு. டெய்லி வீடியோ கால்ல தொட்டியக் காட்டச் சொல்றாரு.”

“உன்னப் பாக்கணும்னு கேக்கலயா?”

“ஹால்ல மாமியா, மாமனாரு எல்லாம் குந்தினு இருக்காங்களே, எப்பிடிக் கேப்பாரு? தொட்டியும் அங்கதான் இருக்குது.”

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நேத்து தொட்டி லைட்ட அணைச்சிட்டு போனப் புடிச்சேங்க்கா. தொட்டிக் கண்ணாடியில என் மூஞ்சி தெரிஞ்சிது.”

“திட்டினாரா?”

“மீனு தெரியல, லைட்டப் போடுன்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. அப்பிடியே புடி, நவுராதன்னாரு. தொட்டி இருட்டா இருக்குதே, இன்னாடா தெரியுது உனக்குன்னு மாமியா கேட்டாங்க. நல்லா தெரியுதும்மான்னாரு.”