ஆளுக்குப் பாதி

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

பின்னால் வரும் லொறிக்காரன் கத்துகிறான். சைக்கிளைச் சரித்துவிடுகிறேன். பிள்ளைகள் இருவரையும் வாய்க்காலுக்குள் தள்ளி, மேலே விழுந்து படுக்கிறேன். வடக்கே ஒரு குத்துச் சத்தம். எண்ணுகிறேன். நாலில் கூவல். ஆறில் வெடிப்பு. வயலுக்குள். முதுகில் மண் கொட்டுகிறது.

1996 ஜூலைக் கடைசி. காலை 9.20. வீட்டை விட்டு ஓடும் வழி. பரந்தன் சந்திக்குத் தெற்கே.

"இனி என்ர முறை" என்கிறாள் சுகந்தி. முகம் இன்னும் மண்ணுக்குள். "கல்லுத் தாண்டியிட்டுது. நான்தான் முன்னுக்கு."

"செல் விழேக்கை தாண்டினது கணக்கில்லை" என்கிறாள் வசந்தி.

சைக்கிளில் முன் பார் ஒன்று. பின் கரியர் ஒன்று. இருவருக்கும் பார்தான் வேண்டும். ஒவ்வொரு கிலோமீற்றர் கல்லிலும் இறக்கி மாற்றி ஏற்றினேன். செல் விழுந்த வீதியிலும் மாற்றினேன். என் மனைவி கமலா பானை சட்டிகளோடு மற்றச் சைக்கிளில் வந்தாள். கனகராயன்குளம் போய்ச் சேர இரண்டு பகல்.

வசந்தி பிறந்தது 1988 ஜனவரி 9. சுகந்தி அதே ஆண்டு டிசம்பர் 14. பதினொரு மாதமும் ஐந்து நாளும் இடைவெளி. ஒரே உயரம். ஒரே அளவுச் சட்டை. சுகந்தி ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. "நானும் எண்பத்தெட்டுத்தான். நீ என்ன பெரிய அக்காவோ?"

இப்படி நெருக்கமாகப் பிறந்த இரண்டை வளர்க்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. எதுவானாலும் சரிபாதி. பரந்தனில் தொழிற்சாலை மூடப்படும்வரை களஞ்சியத்தில் வேலை செய்தவன் நான். நிறுத்துக் கொடுத்தே பழகிய கை. தின்ன வாங்கிய பணிசைப் பாதியாக்கினேன். கொப்பியை நடுவில் பிளேட்டால் பிளந்தேன். ஒருத்தி வெட்டுவாள். மற்றவள் முதலில் எடுப்பாள். அதுதான் வீட்டுச் சட்டம். சண்டை நின்றது. எனக்கு அதில் பெருமையும் இருந்தது.

கனகராயன்குளத்தில் மரங்களுக்கு நடுவே கொட்டில் போட்டோம். மாரி வந்தது. நுளம்பு வந்தது. மலேரியா கொட்டில் கொட்டிலாக நடந்தது.

டிசம்பர் 14. சனி. சுகந்திக்கு எட்டு வயது. முதல் நாளே காய்ச்சல். காலையில் பள்ளிக்கூடத்துக்கு வந்த நடமாடும் மருந்தகத்தில் அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான். குளிசை ஐந்து தந்தார்கள். இன்று இரண்டு, நாளை இரண்டு, மறுநாள் ஒன்று.

"காய்ச்சல் விட்டாலும் நிப்பாட்டாதேங்கோ. ஐஞ்சையும் குடுத்து முடியுங்கோ" என்றார் மருந்து கொடுத்தவர்.

பதினொரு மணிக்குக் கொட்டிலுக்குத் திரும்பினேன். வசந்தி சாக்கில் சுருண்டு கிடந்தாள். பல் கிடுகிடுக்கும் சத்தம் வாசலுக்குக் கேட்டது. சைக்கிளைத் திருப்பினேன். மருந்தகத்தில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். குளிசை முடிந்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமைதான்.

கையில் ஐந்து. பிள்ளைகள் இரண்டு.

"இஞ்சருங்கோ, ஒருத்திக்கெண்டாலும் முழுசாக் குடுப்பம்" என்றாள் கமலா.

"எவளுக்கு?"

அவள் துணியை நனைத்து இருவர் நெற்றியிலும் வைத்தாள்.

அன்று ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். மறுநாள் ஆளுக்கு ஒன்று. மூன்றாம் நாள் ஐந்தாவது குளிசையைப் பிஸ்கற் ரின் மூடியில் வைத்தேன். வசந்திக்கு இன்னும் குளிர் விடவில்லை. ஆனாலும் அவள்தான் வெட்டினாள். சுகந்தி குனிந்து பார்த்துப் பார்த்து ஒரு பாதியை எடுத்தாள்.

"பெரிசை எடுத்திட்டாள், கள்ளி" என்றாள் வசந்தி. அன்று இருவரும் சிரித்தார்கள்.

டிசம்பர் 17. இருவருக்கும் காய்ச்சல் விட்டது. டயறியில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 20. வெள்ளி. மருந்தகம் வந்தது. குளிசையும் வந்தது. வரிசை வீதிவரை நின்றது. நான் போகவில்லை. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மழையில் கூரை ஒழுகியிருந்தது. கிடுகு கட்டினேன். டயறியில் இருப்பது: கிடுகு 22 வைத்தது. மழை இல்லை.

"இப்ப நானும் எட்டு, நீயும் எட்டு" என்று சுகந்தி பாட்டாகவே பாடித் திரிந்த நாட்கள் அவை. "ஒன்பதாந் திகதி வரட்டும், அப்ப பார்" என்பாள் வசந்தி.

டிசம்பர் 31. இருவருக்கும் மறுபடி காய்ச்சல்.

ஜனவரி 2. மாலை 4.15. வசந்திக்கு வலிப்பு. அவளைப் பாரில் வைத்து என் நெஞ்சோடு சாரத் துணியால் கட்டினேன். சுகந்தி கமலாவின் சைக்கிளில். காட்டுப் பாதை. சேறு. வழியில் மேலே ஒரு கிபிர் விமானம் வந்தது. யாரோ "லைற்றை நூருங்கோ!" என்று கத்தினார்கள். எங்களிடம் லைற் இல்லை. சுகந்தி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அவளே முன்னுக்கு இருக்கட்டும் அப்பா. நான் கேக்கமாட்டன்."

ஆஸ்பத்திரியில் வசந்திக்குச் சேலைன் ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். கண் திறக்கவில்லை. மருந்து முழுதும் கொடுத்தீர்களா என்று டொக்டர் கேட்டார். பாதி என்றேன். அவர் துண்டில் இரண்டு பேருக்கும் மருந்து எழுதினார்.

ஜனவரி 3. வெள்ளி. குளிசை வரிசையில் நின்றேன். இரண்டு பெயருக்கு இரண்டு பொட்டலம் தந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து. வசந்தி கிடந்த விடுதிக்குத் திரும்பியபோது பிற்பகல் 2.40. சுகந்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அப்பா, அக்கா மூச்சு விடேல்லை" என்றாள்.

அக்கா என்றாள்.

இதை 2001இல் உடையார்கட்டில் இருந்து எழுதுகிறேன். டயறி பக்கத்தில் இருக்கிறது. சுகந்திக்குப் பன்னிரண்டு வயது. அக்காவைவிட நாலு வயது மூத்தவள். எதையும் பாதியாக வாங்கமாட்டாள். முழுதாகக் கொடுத்தாலும் முழுதும் உண்ணமாட்டாள்.

இழந்தவை. பரந்தனில் கல்வீடு ஒன்று. கிணறு ஒன்று. தென்னை பதினொன்று. 1997இல் கனகராயன்குளத்தை விட்டு ஓடியபோது கொட்டில் ஒன்று, கமலாவின் சைக்கிள் ஒன்று. வசந்தி. எட்டு வயது. ஒன்பதுக்கு ஆறு நாள் குறைவு.

இருப்பவை. பிஸ்கற் ரின் ஒன்று. அதற்குள் ஒரு பொட்டலம். வசந்தி என்று எழுதியது. குளிசை ஐந்து. ஒன்றும் வெட்டாதவை.