கடன் வாங்கிய மூக்கு

"ஹலோ... பொன்னி? தெரியும்டி, உனக்கு நாலு காபி தரணும். நாலேதான், அஞ்சு இல்ல. அதை அப்பறம் பேசுவோம். இப்ப ஜல்தியா மேல வா... வர முடியாதா?... உங்க மேடம் வீட்டுல இருக்காங்களா? போச்சுடா!"

தாயம்மாள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு தீயைக் குறைத்தாள். தலைநகரின் துவாரகா பகுதியில், அந்த அடுக்குமாடியில் அவள் சமைக்கும் வைதேஹியம்மா வீடு நாலாவது மாடி; தங்கை பொன்னி சமைக்கும் வீடு இரண்டாவது மாடி. தாயம்மாளுக்கு மூக்கடைத்து வாசனை போனதிலிருந்து, தங்கைதான் மேலே வந்து முகர்ந்து பார்த்துப் பதம் சொல்கிறாள். ஒரு தடவைக்கு ஒரு காபி கூலி.

"வெண்ணெய் அடுப்புல இருக்குடி... ஆமா, வைதேஹியம்மா பாலாடை சேத்துச் சேத்துக் கடைஞ்சது. இந்த நெய்யும் கருகிச்சுன்னா திங்கக்கிழமையிலேருந்து வேற ஆளுன்னு சொல்லிட்டாங்க. போன வாரம் சாம்பார், அதுக்கு முன்ன பால்... ஆமா, ஆமா, அல்வாவும்தான். நீ வேற ஞாபகப்படுத்து!

"மருந்தா? சாப்பிடுறேன்டி... சிரிக்காத. பெரிய மாத்திரையா இருக்கேன்னு வாயில போட்டு மென்னுட்டேன். தண்ணியில கரைச்சுக் குடிக்கணும்னு யாருக்குத் தெரியும்? பொங்கிப் பொங்கி நுரையா வந்துது. பால்கார பையா கேனை விட்டுட்டே ஓடிட்டான்... இல்லடி, நல்ல மருந்துதான். நான்தான் பாதியில நிறுத்திட்டேன். குடிச்சதும் மூக்கு குழாய் மாதிரி ஒழுகிச்சா, இன்னும் மோசமாயிடுச்சுன்னு நெனச்சு, கடையில ஒழுகல் நிக்கிற மாத்திரை வாங்கிப் போட்டேன். நின்னுச்சு. உள்ளேயே கோந்தாட்டம் இறுகிப் போச்சு. மறுபடி சீழ், மறுபடி கன்னமெல்லாம் வலி...

"டாக்டரம்மா திட்டின திட்டு இருக்கே! சளி இளகினாத்தான் வெளிய வரும், வந்தாத்தான் உள்ள சீழ் பிடிக்காது, வெளிய போறவனைப் பிடிச்சு உள்ள வெச்சுப் பூட்டினியேம்மான்னாங்க. அச்சா அச்சான்னு தலையாட்டிட்டு வந்தேன். இப்ப ஒழுங்கா கரைச்சுத்தான் குடிக்கிறேன். சொம்பு சொம்பாத் தண்ணி வேற. வாசனைதான் இன்னும்..."

வெண்ணெய் சடசடத்தது. காதும் பாதி அடைத்திருந்ததால், அவளுக்கு அது அடுத்த வீட்டுச் சத்தம்போலக் கேட்டது.

"நிறத்தைப் பாக்கவா? நுரை மூடியிருக்குடி, அடி தெரியல... அச்சா, ஒண்ணு செய். ஸ்பீக்கர்ல போட்டுச் சட்டிகிட்ட காட்டுறேன். சடசடப்பு அடங்கினதும் சொல்லு, அடுப்பை அணைச்சுடுறேன்... கேக்குதா?"

கைபேசியைச் சட்டிக்கு மேல் நீட்டினாள்.

"அடங்கிச்சா?... இல்லியா? சரி, நிக்கிறேன்... இப்ப?... இன்னுமா?... அவசரப்படலடி, பயமா இருக்கு..."

அப்போது மூக்கின் ஒரு பக்கத்தில் ஏதோ இளகி இறங்கியது. முந்தானையால் துடைத்தாள். மூச்சை இழுத்தாள். இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பொன்னி! வாசனைடி! நெய் வாசனை!... நீ என்ன இரு இருங்கிற? இன்னும் ஒரு மூச்சு விட்டா கரி!"

அடுப்பை அணைத்து, முருங்கை இலையை உருவிப் போட்டாள். அது சுருண்டு மொறுமொறுத்தது. நுரை விலகியதும், அடியில் பொன்னாகத் தெளிந்திருந்தது நெய்.

"இன்னும் சத்தம் கேக்குதா? அடுப்பே அணைஞ்சாச்சேடி!... ஏய், உன் அடுப்புல என்ன?... அப்பளமா? அடிப்பாவி! உன் அப்பளம் பொரியுற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் வேலைக்கு உலை வெச்சிருப்பியே!

"என்னது, கூலியா? அந்த நாலு காபியும் அப்பளத்தோட தீந்துபோச்சு, போ. கடன் ரத்து. உன் மூக்கை நீயே வெச்சுக்கோ... சரி சரி, மூஞ்சியத் தூக்காத. உங்க மேடம் வெளிய போனதும் வா, காபி தரேன். மோந்து பாக்க இல்ல, சும்மா குடிக்க... ஆமாடி, ஒழுகிக்கிட்டுதான் இருக்கு. ஒழுகட்டும்! நல்லா ஒழுகட்டும்! வெக்கிறேன்."