இரண்டாவது நோயாளி

டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் லேபில் கிடைப்பது சுத்த வெந்நீர். என்னை மிரட்டவெல்லாம் வேண்டாம். இருபது வருடமாகப் பாக்டீரியாக்களின் மரபணுவைப் படிப்பவள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் வேலையே.

என் சித்தப்பா வைத்திலிங்கம் பண்டசோழநல்லூரில் நெல் பயிரிட்டார். வயல்சேற்றில் ஒரு பாக்டீரியா உண்டு. பெரும்பாலும் யாரையும் ஒன்றும் செய்யாது. காலில் புண்ணும் உடம்பில் சர்க்கரையுமாக இறங்குகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும். சித்தப்பாவுக்கு இரண்டும் இருந்தன. போன வருட மழையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே அதை வேறொரு பாக்டீரியா என்று நினைத்து மருந்து ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். ஆராய்ச்சிக்காக அவர் ரத்தத்தில் வாரம் ஒரு குழாய் எனக்கும் வரும். முதல் குழாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மருந்தை மாற்றச் சொல்ல ஒரு போன் போதும்.

நான் பண்ணவில்லை.

அதுவரை நான் பார்த்தவை எல்லாம் கண்ணாடிக் குழாயில் வளர்ந்தவை. ஒரு மனித உடம்புக்குள், தவறான மருந்தைத் தாங்கிக்கொண்டு, அது வாராவாரம் தன் மரபணுவை எப்படி மாற்றிக்கொள்கிறது என்று பார்க்க யாருக்குக் கொடுத்துவைக்கும்? அடுத்த குழாய் வரட்டும், பிறகு சொல்லலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனால் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொள்வார். "நீ இருக்கிற இல்ல இளவரசி, எனக்கின்னா கவல?" என்பார். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வருவேன்.

அவர் இறந்தபோது அழுதேன், சார். நடிப்பில்லை. அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்தவர். அந்தக் குழாய்களை வைத்து எழுதிய கட்டுரையை அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்திருந்தேன்.

ஆய்விதழ் அதைத் திருப்பி அனுப்பியது. ஒரே நோயாளியை வைத்து எப்படி நம்புவது, இன்னொருவரிடமும் இதே மாற்றம் வருமா என்று கேட்டார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆறிய பிறகு யோசித்தால், கேள்வி நியாயம்தான்.

வனஜா சித்திக்கும் சர்க்கரை உண்டு. பாதம் முழுக்கப் பித்தவெடிப்பு. சித்தப்பா போனதும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றிருந்தார். நாமே நடலாம், அவர் ஆசையாக வைத்திருந்த நிலம் என்று நான்தான் சொன்னேன். நடவன்று, வெடிப்பில் சேறு பட்டால் எரியும் என்று ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

"இது வேணாம் சித்தி. சேத்துல வழுக்கி வுட்டுடும்."

"அட ஆமாண்டி. நீ படிச்ச பொண்ணு, சொன்னா சரியாத்தான் இருக்கும்." கழற்றி வரப்பில் வைத்தார்.

நான் விஷம் வைக்கவில்லை. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே தவறான மருந்து. எனக்கு வாரம் ஒரு குழாய்.

என் லேபில் இருக்கும் ஜோஸ்பின் ஃப்ரீசரில் சித்தியின் குழாய்கள்மேல் நான் எழுதியிருந்த பாக்டீரியா பெயரைப் பார்த்துவிட்டு, "மேடம், இத ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டீங்கதானே?" என்றாள். இல்லை என்றேன். எனக்குப் பொய் வராது. நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். நல்ல பெண்தான், கொஞ்சம் அவசரக்காரி.

இத்தனை வாரத்தில் சித்தியின் பாக்டீரியா நிறைய மாறிவிட்டது. இப்போது எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சோதித்தது நான் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் முதலிலிருந்து சோதிக்க மூன்று நாளாகும். சித்திக்கு அத்தனை நாள் இல்லை என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்களாம்.

சொல்கிறேன், சார். சித்தி சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வார்டுக்குப் போன் போடுங்கள், மருந்தின் பெயரை நானே சொல்கிறேன். அதற்கு முன்னால் சித்தி கையிலிருந்து ஒரே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மருந்து ஏறிவிட்டால் அப்புறம் அது எதற்கும் ஆகாது.